காய்கறிச் சீட்டின் மறுபக்கம்

கத்தரிக்காய் அரை வீசை, வாழைக்காய் நாலு, இஞ்சி காலணாவுக்கு, கறிவேப்பிலை கொசுறு. இது சீட்டின் ஒரு பக்கம். திருப்பிப் பார்த்தால், அதே முத்து முத்தான கையெழுத்தில், "போன தடவை கொடுத்த மாதிரி அழுகைக் கதை வேண்டாம். சிரிக்கிற மாதிரி ஒன்று. கெட்டிப் புத்தகமாக ஒன்று" என்று எழுதியிருக்கும்.

முதல் பக்கம் கடைத்தெருக் காய்கறிக்காரருக்கு. மறுபக்கம், அந்தக் கடைத்தெருவுக்கு நேர் மேலே மாடியில் இருந்த கிளை நூலகத்தின் நூலகருக்கு. சீட்டை எழுதியவள் என் தாயார். தூதுவராகப் போனவள் பதினொரு வயதுச் சிறுமியாகிய நான். 1957-ஆம் வருஷம். காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊர்.

"இதென்ன, சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துப் புத்தகம் வாங்குவது? உங்கள் தாயாரே போகக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இப்போது கேட்கலாம். அப்போது எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போகலாம், ஆற்றுக்குப் போகலாம், நாலு பேர் சேர்ந்தால் சினிமாவுக்குக்கூடப் போகலாம். லைப்ரரிக்குப் போக வேண்டாம் என்று யாரும் உத்தரவு போட்டதில்லை. ஆனால் முன்கூடத்தில் பெஞ்சு போட்டுப் பத்துப் பதினைந்து ஆண்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் உள்ளே அலமாரிக்குப் போக வேண்டும். அந்தப் பத்தடி தூரத்தை எங்கள் ஊர்ப் பெண்கள் கடலைப்போல நினைத்தார்கள்.

ஆகவே அம்மா ஐந்தாம் வகுப்பு வரை கற்ற தமிழைக் கொண்டு, வீட்டிலிருந்தபடியே சீட்டு எழுதினாள். நூலகரும் நல்ல மனிதர். சீட்டைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உன் அம்மாவுக்குக் கெட்டியாக வேணுமாமே!" என்று சிரிப்பார். அவராகவே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். சில தடவை பிரமாதமாக அமையும். சில தடவை "நெல் சாகுபடி முறைகள்" வந்து சேரும். அம்மா அதையும் விடமாட்டாள். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிடுவாள்!

கடைசிப் பக்கங்களைக் காணோம்

கடைசிப் பக்கம் என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த வருஷம் ஒரு நாவல் வந்தது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆசிரியரின் பேரன் பேத்திகள் யாராவது இதைப் படித்து மனம் வருந்தலாம். அம்மா நாலு நாள் அதையே படித்தாள். குழம்பு இரண்டு தரம் அடிப்பிடித்தது. கதாநாயகி புகுந்த வீட்டில் படாத பாடு பட்டு, ஒரு நாள் விடியற்காலையில் ஒரு சிறு பெட்டியுடன் ரயில் நிலையத்துக்கு வந்து நிற்கிறாள். தூரத்தில் ரயில் ஊதுகிறது. கணவனும் அவளைத் தேடி ஓடி வருகிறான். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அட்டை!

கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்து எடுத்திருந்தார்கள்.

ஒரு குழந்தையின் கையிலிருந்து தின்பண்டத்தைப் பிடுங்கினால் அதன் முகம் எப்படி இருக்கும்? அன்று அம்மாவின் முகம் அப்படித்தான் இருந்தது. என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினாள். அதில் அன்று காய்கறி ஒன்றும் இல்லை. "வேறு பிரதி இருக்கிறதா?" என்று ஒரே வரி. நூலகர் உதட்டைப் பிதுக்கினார். ஊரில் வேறு பிரதி கிடையாது.

ஆனால் பெண்கள் அரைப் படி அரிசியை வைத்துக்கொண்டு ஆறு பேருக்குச் சமைப்பவர்கள் அல்லவா? அம்மா முடிவைத் தானே சமைத்தாள். பாட்டி கேட்டபோது, கதாநாயகி மனம் மாறி வீட்டுக்குத் திரும்பினாள். அத்தை கேட்டபோது, கணவன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, தனிக்குடித்தனம் வைத்தான். இரவில் விளக்கை அணைத்த பிறகு நான் கேட்டால் மட்டும், அவள் ரயிலில் ஏறினாள். பட்டணத்துக்குப் போனாள். படித்தாள். டீச்சர் ஆனாள்.

அந்த மூன்றாவது முடிவை மாத்திரம் நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

சலித்துப்போன நூலகர்

இங்கே கதையைச் சற்று நிறுத்திவிட்டு, உங்களுக்கு ஒரு பெரிய மனிதரை அறிமுகப்படுத்த வேண்டும். நாம் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1924-ல் அவரைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தலைவராக நியமித்தார்கள். போய் உட்கார்ந்தார். படிக்க வருவோர் அபூர்வம். மாணவர்கள் நிறைந்த வகுப்பை விட்டுவந்தவருக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. சில நாளிலேயே கல்லூரிக்கு ஓடிப்போய், "என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சினாராம். இங்கிலாந்துக்குப் போய் நூலகங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்து வரும்படியும், அதற்குப் பிறகும் சலித்தால் திரும்பி வரலாம் என்றும் அவருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

போனார். லண்டனில் பயின்றார். நாடெங்கும் சுற்றி நூலகங்களைப் பார்த்தார். அங்கே சாமானிய மக்கள், பெண்களும் குழந்தைகளும்கூட, கூச்சமில்லாமல் உள்ளே நுழைந்து புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டார். ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டினால் வண்டி, பாலம், தூக்கி என்று என்ன வேண்டுமானாலும் செய்யலாம். புத்தகங்களின் பொருளையும் இப்படிச் சிறு துண்டுகளாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டி எண் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. உலகம் இன்று கோலன் பகுப்புமுறை என்று சொல்வது அந்தப் பொம்மைக் கடையில் உதித்ததுதான். 1933-ல் அது புத்தகமாக வந்தது.

1925-ல் ஊர் திரும்பியவர் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இருபது வருஷம் அந்த நூலகமே கதி என்று கிடந்தார். ஞாயிறு என்றும் பண்டிகை என்றும் பார்க்கவில்லை. கல்யாணத்தன்று பிற்பகலில்கூட நூலகத்துக்கு வந்துவிட்டார் என்று சொல்வார்கள். "அந்த அம்மாள் பாவம்!" என்கிறீர்களா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிற்காலத்தில் அவர் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியபோது, அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. மனைவி சாரதாவின் பெயரையே வைத்தார். அந்த நாளில் ஒரு லட்சம் என்றால் ஒரு தெருவையே வாங்கலாம். அந்தக் குடும்பத்தில் எத்தனை பட்டுப்புடவை, எத்தனை ஜோடி வளையல் அந்த லட்சத்தில் கரைந்தனவோ!

ஐந்து விதிகள்

1931-ல் ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். உலகத்தில் நூலகவியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இன்றும் அவற்றைப் படிக்கிறார். பயந்துவிடாதீர்கள், சமையலறையை ஆளத் தெரிந்தவர்களுக்கு அவை மிகச் சுலபம்.

முதல் விதி: நூல்கள் பயன்பாட்டுக்கே. பித்தளைப் பாத்திரத்தைப் பரணில் போட்டுப் பூட்டி வைத்தால் அது பாத்திரமா? களிம்புதான் ஏறும். பழைய நாளில் புத்தகங்களைக் கம்பி வலை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார்கள். ரங்கநாதன் அலமாரியைத் திறந்துவிடச் சொன்னார்.

இரண்டாவது: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். பாட்டிக்குக் குழைந்த சாதம், பிள்ளைக்கு நெய்ச் சோறு, நோயாளிக்குக் கஞ்சி. பந்தியில் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது. மூன்றாவது, அதன் மறுதலை: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். "நெல் சாகுபடி முறைகள்" எங்கள் வீட்டுக்கு வந்தது தப்பு. ஆனால் அதற்காகவே ஒரு மிராசுதாரர் எங்கோ காத்திருந்திருப்பார்!

நான்காவது: வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. கடுகு எந்த டப்பாவில் என்று தெரியாவிட்டால் எண்ணெய் புகைந்துவிடும். நூல் அட்டவணையும் எண் வரிசையும் அதற்காகத்தான். ஐந்தாவது: நூலகம் வளரும் உயிர். குழந்தைக்குச் சட்டை தைக்கும்போது உள்ளே மடித்துத் தைக்கிறோமே, அதுபோல நாளைக்கும் இடம் விட்டே இன்றைய நூலகத்தைக் கட்ட வேண்டும்.

இந்த ஐந்தையும் படித்த அன்று எனக்கு ஒன்று விளங்கிற்று. எங்கள் ஊர் நூலகர் மிக நல்லவர்; ஆனாலும் அம்மாவின் விஷயத்தில் முதல் நான்கு விதிகளும் அந்தப் பத்தடி கூடத்தில் தடுக்கி விழுந்துவிட்டன.

வண்டியில் வந்த வாணி

வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால், நூலகம் வாசகரிடம் போகட்டும். இதைச் செய்து காட்டியதும் நம் ஊர்தான். அதே 1931-ல், மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்னும் எஞ்சினீயர் ஒரு மாட்டு வண்டியை நூலகமாக அமைத்தார். உள்ளே அலமாரி; அலமாரி நிறையப் புத்தகம். ரங்கநாதன் கலந்துகொண்டு தொடங்கிவைத்த அந்த வண்டி சுற்றியிருந்த கிராமங்களுக்குப் போய் வந்தது. சலங்கை ஒலி கேட்டு, புளி வண்டியோ உப்பு வண்டியோ என்று வாசலுக்கு வந்த பெண்கள், உள்ளே புத்தகத்தைக் கண்டு எப்படித் திகைத்திருப்பார்கள்! நினைக்கும்போதே இனிக்கிறது.

சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், சென்னை ராஜதானியில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவில் இப்படிப்பட்ட முதல் சட்டம் அதுதான். அதற்காக நெடுநாள் மன்றாடியவர் ரங்கநாதன். சட்டத்தின் சூட்சுமம் எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் வீட்டு வரி ரசீதில். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையைச் சேர்த்து வசூலித்து, அதை நூலகங்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று நாலாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன என்றால், அதற்கு அடியுரம் அந்த வரிதான்.

ஆகையால் அம்மணி, அடுத்த தடவை ரசீது வந்தால் எடுத்துப் பாருங்கள். வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் வாடகை கேட்கிறார்! பணம் கட்டிவிட்டுப் பந்திக்குப் போகாமல் இருப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது?

இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு

இனி விட்ட கதைக்கு வருவோம்.

நான் படித்தேன். பட்டணத்துக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனேன். அப்பா காலமான பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். 1986-ல் ஒரு சனிக்கிழமை, "ஒரு இடத்துக்குப் போகலாம், வா" என்று எழும்பூருக்கு அழைத்துப் போனேன். பாந்தியன் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "மியூசியமா? செத்த காலேஜுக்கா இந்த வயதில்!" என்றாள். அதே வளாகத்தில்தான் கன்னிமாரா நூலகம் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிக் கிடந்த புத்தகங்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, மியூசியத்தில் ஒரு சிறு நூலகமாயின. 1890-ல் கவர்னர் கன்னிமாரா பிரபு பெரிய நூலகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. 1954-ஆம் வருஷச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் அனுப்பியாக வேண்டிய நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. இவ்வளவும் எனக்குத் தெரியும். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வாசலில் அம்மா தயங்கினாள். உள்ளே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அறுபத்திரண்டு வயதில், நரைத்த தலையோடு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்தடிதான். தாண்டிவிட்டாள்.

தாண்டியதும் அலமாரிகளைப் பார்த்தாள். வரிசைக்குப் பின் வரிசை. மெதுவாக விரலால் புத்தகங்களின் முதுகைத் தடவிக்கொண்டே நடந்தாள், மாட்டுத் தொழுவத்தில் பசுக்களைத் தடவுவாளே அதுபோல. "இவ்வளவுமா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவுமாடி?" என்று மறுபடியும் கேட்டாள். முதல் தடவை கேட்டது சந்தோஷம். இரண்டாவது தடவை கேட்டது வேறு. தன் வாழ்நாளில் சீட்டுக்கு வந்தது எத்தனை, வராதது எத்தனை என்று அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

நான் அட்டவணைப் பெட்டியை இழுத்து, அட்டைகளைத் தள்ளி, எண்ணைக் குறித்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில் புத்தகம் வந்தது. அதே நாவல். பழுப்பேறியிருந்தது, ஆனால் முழுசாக இருந்தது.

அம்மா நேரே ரயில் நிலையத்துக்குப் போனாள். ரயில் ஊதியது. பக்கத்தைப் புரட்டினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றே பக்கம். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ரயில் சத்தத்தில் மயக்கம் போட்டு விழறாள். முழிச்சுப் பார்த்தால், எல்லாம் கனவாம்! புகுந்த வீட்டில் எல்லாரும் தங்கமானவர்களாம்!" என்றாள். "இதற்கா இருபத்தொன்பது வருஷம்? கிழித்தவன் புண்ணியவான்!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் "உஷ்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா நெடுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்னால், யாரிடமோ பேசுவதுபோல், "அவள் ஏறியிருக்கணும்" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை.

அவள் பெயரில் ஒரு அட்டை

மறுவாரம் எங்கள் பேட்டையிலிருந்த கிளை நூலகத்தில் அம்மா உறுப்பினர் ஆனாள். கல்யாணப் பத்திரிகையில் அவள் இன்னாருடைய குமாரத்தி. ரேஷன் கார்டில் இரண்டாவது பெயர். ஊரில் 'டீச்சர் அம்மா'. அவளுடைய பெயரே முதற்பெயராக, தனிப்பெயராக எழுதப்பட்டது அந்த நூலக அட்டையில்தான். பதினான்கு வருஷம் அவளே நடந்து போய், அவளே தேர்ந்தெடுத்துப் படித்தாள். காய்கறிச் சீட்டு எழுதுவது நிற்கவில்லை. மறுபக்கம் மட்டும் வெறுமையாயிற்று.

நூலகம் வளரும் உயிர் என்றார் ரங்கநாதன். உயிர் என்றால் ஆபத்தும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1933-ல் செல்லப்பா என்னும் அன்பர் தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம், ஊரார் ஆதரவால் வளர்ந்து, ரங்கநாதனின் ஆலோசனையையும் பெற்று, 1959-ல் அழகிய மாளிகையாயிற்று. 1981-ல், மே முடிந்து ஜூன் பிறக்கும் இரவில், அதற்குத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்களும் பழைய ஏடுகளும் சாம்பலாயின. அம்மா பல நாள் அந்தச் செய்தியையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி மூன்று பக்கம் போனதற்கே அழுதவள் அல்லவா? அந்தக் கட்டடத்தைப் பிற்பாடு புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். சாம்பலான ஏடுகளை யார் திருப்பித் தருவது?

எரிக்கத் தீ வேண்டும் என்பதில்லை. யாரும் போகாவிட்டாலும் நூலகம் மெல்லச் சாகும்.

போவதற்கு இன்று என்ன தடை? சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு தனிப் பகுதி, நடுவே செயற்கை மரத்தோடு இருக்கிறது. பார்வையற்றோருக்கு பிரெய்ல் நூல்கள் இருக்கின்றன. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் பேட்டையிலேயே ஒரு கிளை நூலகம் இருக்கும். பெயின்ட் உரிந்திருக்கலாம். மின்விசிறி கிறீச்சிடலாம். உள்ளே போய்ப் பாருங்கள். இல்லாத புத்தகத்தைக் கேளுங்கள். கேட்பார் இருந்தால்தான் வாங்குவார்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் பெண் குழந்தையை அழைத்துப் போய் அவள் பெயரில் ஒரு அட்டை வாங்கிக் கொடுங்கள். பையனையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒரு நிபந்தனை: அவர்களிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருந்துவிடாதீர்கள். உங்கள் பெயரிலும் ஒரு அட்டை வேண்டும்.

எண்பதை எட்டிக்கொண்டிருக்கிறேன். வாரந்தோறும் நூலகத்துக்குப் போய் வருகிறேன். முன்கூடத்தில் இப்போதும் பெஞ்சு இருக்கிறது. போன வாரம் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, வாசலில் தயங்கி நின்றாள். நான் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை.

"வாம்மா, பத்தடிதான்" என்றேன்.